பட்டியலில் இல்லாத ஊர்

எந்த விண்ணப்பத்திலும் மாநிலம் என்ற கட்டம் வந்தால் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் 'பி' எழுத்துக்குப் போய்ப் பார்ப்போம். சில பட்டியலில் ஊரின் புதிய பெயர் இருக்கும், சிலவற்றில் பழைய பெயர் இருக்கும், பலவற்றில் இரண்டுமே இருக்காது. இல்லையென்றால் ஒரு நொடிகூட யோசிக்காமல் 'டி' எழுத்துக்கு இறங்கித் தமிழ்நாடு என்று தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். இதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவது போலத்தான். கழற்றியது நினைவில்கூட இருக்காது.

அந்தப் பழக்கத்தால் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். நான் மாட்டிக்கொண்டது மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். என்னை நம்பிய ஒருவரையும் கூட இழுத்துவிட்டேன்.

சேதராப்பட்டில் மிக்சிக்கு மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் பேரிங், செம்புக்கம்பி, பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றிலும் பெட்டிக்குச் சிலதை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. அடுத்த மேஜையில் இருந்த அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். முத்தியால்பேட்டையில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். அவருடைய நோன்பு நாட்களில் அவர் எதிரில் டிபன் பாக்ஸைத் திறக்க நான் கூச்சப்பட்டு வேறு பக்கம் போனால், "இங்கயே உக்காந்து சாப்புடு, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று பிடித்து உட்கார வைப்பார்.

எங்கள் இருவருக்கும் இடையில் பதினான்கு வருஷமும் தீராத ஒரு வழக்கு இருந்தது. டீ வழக்கு. சரக்கு கொண்டுவரும் சப்ளையர் ஆட்கள் கேட்டுக்கு எதிரே இருக்கும் கடையிலிருந்து எங்களுக்கும் சேர்த்து டீ சொல்லி அனுப்புவார்கள். நான் தொட மாட்டேன். அக்கா தன்னுடையதையும் குடித்து என்னுடையதையும் குடிப்பார். ஒரு டீயில் என்ன ஆகிவிடப் போகிறது என்று என்னைக் கிண்டல் செய்வார். இதில் வேடிக்கை என்னவென்றால், டீயைக் குடித்துவிட்டு அந்த ஆளின் கண்ணெதிரிலேயே அவன் பெட்டிக்குச் சிவப்புச் சீட்டும் ஒட்டுவார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. குடித்தால் என் கை பச்சைச் சீட்டுப் பக்கம் கொஞ்சம் சாயும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் குடிக்கவில்லை. மற்றவர்கள் அதை நேர்மை என்றார்கள், நானும் மறுக்கவில்லை.

பிறகு அந்தப் பிரிவை மூடி இயந்திரங்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அக்கா வீட்டில் மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட ஆரம்பித்தார். எனக்கு அரைக்கத் தெரியும், விற்கத் தெரியாது. எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸாப் குழுவில் யாராவது மிக்சியில் கருகின வாசனை வருகிறது என்று கேட்டால் பதில் சொல்வேன். கேள்விகள் கூடிக்கொண்டே போயின. ஒரே பதிலைப் பத்து முறை சொல்லி அலுத்துப்போய், வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, தமிழில் ஒரு வலைத்தளம் தொடங்கினேன். மிக்சி, கிரைண்டர், அடுப்பு, தண்ணீர் வடிகட்டி. எது உழைக்கும், எது உழைக்காது, ஏன். அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களெல்லாம் படிக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் தளத்தை வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். நானும் வேலையில்லாமல் இருந்தேன். இணையத்தில் எழுதுகிறவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று விசாரித்ததில் இந்த லிங்க் விஷயம் தெரிந்தது. கம்பெனியிடம் பதிவு செய்துகொண்டால் நமக்கென்று ஒரு தனி லிங்க் தருவார்கள். நம் பக்கத்தைப் படித்தவர் அதை அமுக்கிப் போய் அங்கே வாங்கினால், அவருக்கு விலை ஏறாது, நமக்குக் கமிஷன் வரும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடாகத் தெரிந்தது.

எந்தக் கம்பெனியில் சேர்வது என்பதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்து முடித்திருக்கலாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். கமிஷன் எவ்வளவு. அமுக்கியவர் எத்தனை நாளுக்குள் வாங்கினால் நம் கணக்கில் சேரும். பணம் எப்போது கைக்கு வரும். பொருள் திரும்பி வந்தால் என்ன ஆகும். இப்படி எழுதுங்கள் அப்படி எழுதுங்கள் என்று கம்பெனி நம் கையைப் பிடிக்குமா. தொழிற்சாலையில் பேரிங்குக்குப் போட்ட கட்டத்தைவிட இது பெரியது.

முதலாவது, ஊசி முதல் ஃபிரிட்ஜ் வரை விற்கும் ஒரு பெரிய தளம். கமிஷன் குறைவு. அதைவிட, அமுக்கிய ஒரு நாளுக்குள் வாங்கிவிட வேண்டும் என்றது. நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பெண் ஒரே நாளில் கிரைண்டர் வாங்குவாளா? வீட்டுக்காரரிடம் சொல்லி, நாத்தனாரிடம் கேட்டு, சீட்டுப் பணம் கைக்கு வந்து, ஆடித் தள்ளுபடி வருகிறதா என்று பார்த்து, கடைசியில் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பாள். இரண்டாவது, பல கம்பெனிகளுக்கு நடுவில் நிற்கும் ஓர் ஏஜென்சி. என் தளத்தின் மொழி தங்கள் பட்டியலில் இல்லை என்று இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று குழம்பில் உப்புப் போட மறந்தேன்.

மூன்றாவது, புதிதாக வந்த ஒரு கிரைண்டர் கம்பெனி. கடைகளில் கிடைக்காது, இணையத்தில் மட்டும். கமிஷன் முதலாவதைப்போல நான்கு மடங்கு. அமுக்கி முப்பது நாள் வரை வாங்கலாம். எழுதுகிறவர்களைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண் அதிகாரி இருந்தார், நல்ல தமிழில் மரியாதையாகப் பேசினார். சோதித்துப் பார்க்க ஒரு கிரைண்டர் அனுப்பினார்கள். இரண்டு வாரம் உளுந்தும் அரிசியும் மாற்றி மாற்றிப் போட்டு அரைத்தேன். மோட்டார் சூட்டை அளந்தேன். உண்மையிலேயே நல்ல பொருள். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அதிகாரி சொன்னார். நான் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினேன். டீயைத் தொடாதவள் கிரைண்டரைத் தொடுவேனா? அந்தப் பெருமையில் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

சேரும் விண்ணப்பத்தில் மாநிலம் கேட்டார்கள். 'பி' வரிசையில் எங்கள் ஊர் இல்லை. தமிழ்நாடு என்று தட்டினேன். அந்தக் கம்பெனியின் உலகத்தில் எங்கள் ஊரே இல்லை என்று அந்தப் பட்டியல் என் முகத்துக்கு நேராகச் சொல்லியது. பதினான்கு வருஷம் தரம் பார்த்தவளுக்கு அது காதில் விழவில்லை.

கிரைண்டரைப் பற்றி நீளமாக எழுதினேன். கல் கனம், தனியாகத் தூக்கிக் கழுவுவது சிரமம் என்று குறையையும் எழுதினேன். கடைசியில், இரண்டு வருஷத்துக்குள் ரிப்பேர் என்றால் வீட்டுக்கே ஆள் வருவார் என்று ஒரு வரி. அது நான் பார்த்துச் சொன்னதல்ல, கம்பெனி பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டது. சப்ளையர் கொடுக்கும் சான்றிதழைப் பார்த்துப் பச்சைச் சீட்டு ஒட்டக்கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் பாடம்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த லிங்க்குகளால் எனக்கு வருமானம் வரும் என்று பக்கத்தில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவித்தேன். கம்பெனி கொடுத்த ஆங்கில வாசகத்தை அப்படியே எடுத்துப் பக்கத்தின் அடியில், எல்லாம் முடிந்த பிறகு, மங்கலான சிறிய எழுத்தில் போட்டேன். தமிழில் படிக்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

யார் வாங்கினார்கள் என்று கம்பெனி சொல்லாது. நமக்கென்று ஒரு கணக்குத் திரை இருக்கும், அதில் பொருளும் தேதியும் மட்டும் தெரியும். மூன்றாவது வாரம் அதில் ஓர் ஆர்டர் ஏறியது. பெரிய அளவு, சாய்த்து மாவை ஊற்றும் வகை, இருப்பதிலேயே விலை கூடியது. இந்த மனுஷி யாராக இருக்கும், திருநெல்வேலியா சிங்கப்பூரா என்று கற்பனை செய்துகொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தார்.

"நீ எழுதியிருந்தல்ல, அந்த கிரைண்டர் போட்டுட்டேன். பெரிய சைஸு. உன் பக்கத்துலேருந்தேதான் அமுக்கினேன்."

மாநிலம் கேட்ட இடத்தில் என்ன போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வழக்கம் போலத்தான் என்று சொல்லியிருப்பார். கமிஷன் வந்ததையும் நான் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அக்காவின் குரலில் இருந்த சந்தோஷத்தில், அதைச் சொன்னால் எல்லாமே வேறு மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். "நல்லதுக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கிரைண்டர் ஐந்து மாதம் நன்றாக ஓடியது. அக்கா இரண்டு கடைகளைக் கூடுதலாகப் பிடித்தார். இடம் அடைக்கிறது என்று பழைய கிரைண்டரைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார். நோன்பு தொடங்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு நாள் காலை, பாதி உளுந்தில் கல் நின்றது.

நோன்பு மாதம்தான் அக்காவின் வருஷத்தையே தூக்கி நிறுத்தும் மாதம். நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கோட்டக்குப்பத்தில் வடைக் கடைகள் வரிசையாக முளைக்கும். அவற்றில் நான்கு கடைக்கு உளுந்து மாவு அக்காவுடையது. ஒரு நாள் மாவு வராவிட்டால் கடைக்காரர்கள் மறுநாளே வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கம்பெனிக்குப் போன் செய்தார். பின்கோடு கேட்டார்கள். அந்தப் பகுதிக்கு ஆள் அனுப்புவதில்லை, எங்கள் சர்வீஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றார்கள். பில்லில் தமிழ்நாடு என்றுதானே போட்டிருக்கிறது என்று அக்கா கேட்டார். பின்கோடு புதுச்சேரி என்று காட்டுகிறதே என்று அந்தப் பக்கத்தில் சொன்னார்கள். பொருளைக் கொண்டுவந்து கொடுக்கும்போது மட்டும் அதே பின்கோடு அவர்களுக்குச் சரியாக இருந்திருக்கிறது.

அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் அந்த அதிகாரிப் பெண்ணைக் கூப்பிட்டேன். கொண்டு சேர்ப்பது வேறு பிரிவு, சர்வீஸ் வேறு பிரிவு, தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று அதே மரியாதையோடு சொன்னார். கூரியரில் அனுப்பினால் மூன்று வாரத்தில் சரிசெய்து அனுப்புவார்களாம். நான் போய்ப் பார்த்தேன். பெல்ட்டும் மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தன, நான் பார்த்துச் சொன்னதெல்லாம் சரிதான். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போயிருந்தது. நேரு வீதிப் பக்கத்து மெக்கானிக் அந்த போர்டு வெளியில் எங்கும் கிடைக்காது, நான் திறந்தால் வாரண்டியும் போய்விடும் என்று கையை விரித்தார்.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். டிரம்முக்குள் பாதியில் நின்ற உளுந்தைக் கையால் வழித்துக்கொண்டே, "நீ பாத்துதானே எழுதியிருப்ப, இது என் நேரம்" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தக் கடைசி வரியை நான் பார்க்காமல் எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கடைக்காரர் ஒருவர் போன் வந்துவிட்டது.

இரண்டு நாள் தெரிந்தவர்கள் வீடுகளில் சின்னச் சின்ன கிரைண்டரில் அரைத்துச் சமாளித்தார். மூன்றாம் நாள் அவருக்கே ஒரு யோசனை வந்தது. அவர் தங்கை வீடு கோட்டக்குப்பத்தில். எங்கள் பக்கம் மதுக்கடைகள் எங்கே முடிகின்றனவோ அங்கே தமிழ்நாடு ஆரம்பம். தங்கை வீடு அதிலிருந்து நடந்தே போகும் தூரம். அந்தப் பின்கோடைச் சொல்லித் தங்கையின் எண்ணிலிருந்து போன் செய்தோம். ஒரு நிமிஷத்தில் புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள். மறுநாள் காலை ஆள் வருவார் என்றார்கள்.

ஆகவே கிரைண்டரைத் தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்த்தோம். கல்லைத் தனியாக, டிரம்மைத் தனியாக, உடம்பைத் தனியாக. என் விமர்சனத்தில் கல் கனம் என்று எழுதியிருந்தது எவ்வளவு உண்மை என்பது என் இடுப்புக்குத் தெரிந்தது. கிரைண்டருக்குப் பர்மிட் எடுத்துவிட்டீர்களா என்று ஆட்டோக்காரர் கேட்டார். தங்கையின் சமையலறை மூலையில் இறக்கி வைத்தபோது அது விருந்துக்கு வந்த மாதிரியே நின்றது. அக்காவுக்குத் திருப்தியாக இல்லை. பக்கத்தில் ஊறவைத்த உளுந்து ஒரு பாத்திரம், மேலே ஓர் ஈரத் துணி, சுவரோரம் கொஞ்சம் மாவுக் கறை எல்லாம் ஏற்பாடு செய்தார். பல வருஷமாக அங்கேயே வாழ்கிற கிரைண்டர் மாதிரி ஆகிவிட்டது. கவலையை மறந்து மூன்று பேரும் சிரித்தோம்.

ஆள் பத்து மணிக்கு வந்தார். வண்டியில் புதுச்சேரி நம்பர். விழுப்புரத்துக் கான்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பதாகவும் வீடு லாஸ்பேட்டையில் என்றும் சொன்னார். பில்லைப் பார்த்தார். அதில் இருந்த முத்தியால்பேட்டைத் தெருவைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு மூலையில் ஈரத் துணி போர்த்தி நின்ற கிரைண்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இப்படி எல்லை தாண்டி வரும் கிரைண்டர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம். அவர் வீட்டுத் தெருவிலேயே ஒன்று இருக்கிறதாம், அதைத் தொட அவருக்கு அனுமதி இல்லையாம். அரைமணி நேரத்தில் போர்டை மாற்றினார். கல் சுற்றத் தொடங்கியதும் அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டார்.

தங்கை எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். ரிப்பேர்காரர் குடித்துக்கொண்டே, இது கடையில் கிடைக்காதே, எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டார். நெட்டில் பார்த்து என்றார் அக்கா. என்னைக் காட்டிக்கொடுக்காமல் சொன்னார், என்மேல் பழி வந்துவிடக்கூடாது என்று.

"அதானே" என்றார் அவர். "நெட்ல எழுதறவங்களுக்கு இந்த கம்பெனி நல்லா குடுக்குது. ஒரு மிஷினு வித்தா இவ்ளோன்னு. அதான் எல்லாரும் இதையே எழுதறாங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரம்மைத் துடைத்தார். நானும் கல்லைத் தூக்க ஒரு கை கொடுத்தேன். இதை இப்படியே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. அக்கா கேட்கப்போவதில்லை. கிரைண்டர் ஓடுகிறது. நோன்புக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எங்கள் கால்களுக்கு நடுவில் டிரம் இருந்தது. எல்லையில் பஸ்களும் வேன்களும் முட்டிக்கொண்டு நின்றன. வண்டி நகரவில்லை. என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

"அக்கா, எனக்கும் வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"நீங்க இத வாங்கினதுக்கு கம்பெனி எனக்கு குடுத்துச்சு. நீங்க போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும்."

ஆட்டோ நகர்ந்தது. அந்தப் பணத்தை உங்களிடமே தந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அதற்கு மட்டும் முகம் சுளித்து, எனக்கெதற்கு அது என்றார். மணிக்கூண்டு வந்த பிறகுதான் பேசினார். கோபமாக இல்லை, என்னைப் பார்த்தும் இல்லை.

"அப்ப டீ சாப்பிட ஆரம்பிச்சிட்ட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சாப்புடு, தப்பில்ல. நான் குடிச்சப்பல்லாம் எல்லார் எதிர்லதானே குடிச்சேன்."

அக்கா வீட்டு வாசலில் டிரம்மையும் கல்லையும் உடம்பையும் இறக்கி வைத்தோம். உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை. அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. நான் வீட்டுக்கு வந்து அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகை. தன் மேஜையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டே சிவப்புச் சீட்டு ஒட்டிய அக்கா என் கண்ணுக்குள்ளேயே நின்றார். அவர் எதை வாங்கிக் குடித்தார் என்பது அந்தப் பிரிவு முழுக்கத் தெரியும். நான் எதை வாங்கினேன் என்பது எனக்கும் கம்பெனிக்கும் மட்டும் தெரியும்.

அடுத்த சில நாள் தளத்தைப் பிரித்துப் போட்டேன். அடியில் இருந்த ஆங்கில வாசகத்தை எடுத்துவிட்டு, பக்கத்தின் உச்சியில், தலைப்புக்கும் மேலே, பெரிய எழுத்தில் எழுதினேன்: இங்கே இருக்கும் லிங்க்கை அமுக்கி நீங்கள் வாங்கினால் கம்பெனி எனக்குப் பணம் தரும். அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள். கிரைண்டர் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் பட்டியலில் எங்கள் ஊரைச் சேருங்கள், சேர்த்து ஆள் அனுப்புங்கள், இல்லையென்றால் உங்கள் பொருளை எடுத்துவிடுவேன் என்று. பதில் வந்தது. எனக்கு மட்டும் தனியாகக் கமிஷனை உயர்த்தித் தருகிறார்களாம். பட்டியலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எடுத்துவிட்டேன்.

இப்போது ஒரு கம்பெனியில் சேர்வதற்கு முன் முதலில் அவர்களுடைய சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்கிறேன், வாங்கியவள் மாதிரி. முத்தியால்பேட்டைப் பின்கோடு, நோணாங்குப்பம் பின்கோடு, காலாப்பட்டுப் பின்கோடு, கோட்டக்குப்பம் பின்கோடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஆள் வருவாரா என்று கேட்கிறேன். வெளியூர் வாசகர்கள் அவரவர் பின்கோடைச் சொல்லிக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். காலண்டர் தாளில் ஆள் வருவாரா என்பதுதான் முதல் கட்டம். கமிஷன் எவ்வளவு என்பது கடைசிக் கட்டம். சில பொருளுக்கு லிங்க்கே போடாமல், பக்கத்துக் கடையில் வாங்குங்கள், அந்தக் கடைக்காரர் ஆள் அனுப்புகிறார் என்று எழுதிவிடுகிறேன்.

இதனால் என் நல்ல பெயர் உயர்ந்தது என்று எழுத ஆசைதான். உயரவில்லை. காசுக்குத்தான் எழுதியிருக்கிறாயா என்று சிலர் திட்டி எழுதினார்கள். இரண்டு வருஷமாகப் படித்துவந்த ஓர் அம்மா, உன்னைப் போய் நம்பினேனே என்று ஒற்றை வரி அனுப்பினார். வலித்தது. பதில் எழுதவில்லை, அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வருமானம் பாதியாகக் குறைந்து, தளத்துக்குக் கட்டும் பணத்துக்கே இழுபறியாக இருந்தது.

நோன்பு மாதம் முழுக்க அக்கா போன் செய்யவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் கோட்டக்குப்பம் வரை நடந்து போய் ஒரு கடையில் வடை வாங்கித் தின்றேன். மாவு அக்காவுடையதுதான், மென்றதும் தெரிந்தது. கிரைண்டர் ஓடுகிறது என்பது வரை நிம்மதி. பெருநாளுக்குப் பிரியாணி வந்தது, தங்கை மகள் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். எப்போதும் அவரே கொண்டுவருவார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. மகளைக் காலாப்பட்டில் தனிக்குடித்தனம் வைக்கிறேன், மிக்சி வேண்டும், எதை வாங்கலாம் என்று. முன்பென்றால் போன் செய்திருப்பார். யாரோ ஒரு வாசகியைப் போல எழுதிக் கேட்டிருந்தார். நானும் வாசகிக்கு எழுதுவது போலவே எழுதினேன். இரண்டு மிக்சி சொன்னேன், இரண்டும் உழைக்கும். ஒன்றுக்கு என் பக்கத்தில் லிங்க் இருக்கிறது. இன்னொன்று மணிக்கூண்டுப் பக்கத்துக் கடையில் கிடைக்கும், அதில் எனக்கு ஒன்றும் கிடையாது. காலாப்பட்டுக்கு இரண்டு கம்பெனியிலிருந்தும் ஆள் வருவார், நானே கேட்டுவிட்டேன். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

நான்கு நாள் கழித்துக் கணக்குத் திரையில் ஒரு மிக்சி ஏறியது. வழக்கம் போலப் பெயர் இல்லை. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று திரையை மூடினேன். அன்று சாயங்காலம் போன் அடித்தது.

"மிக்சி போட்டுட்டேன்" என்றார் அக்கா.

கிரைண்டர் வாங்கியபோது சொல்லாமல் விட்டது இந்த முறையும் உள்ளேயே நின்றது. தள்ளி வெளியே கொண்டுவந்தேன்.

"அக்கா, இதுக்கும் எனக்கு வரும்."

"தெரியுமே" என்றார். "மேல எழுதி வெச்சிருக்கல்ல, அத படிச்சிட்டுதான் அமுக்கினேன்."